வாசிப்பு மட்டம் எதை அளக்கிறது? இறக்காமத்துத் தரம் இரண்டுப் பிள்ளையை முன்வைத்து

ஆரம்பப் பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளையின் வாசிப்பு மட்டம் என்பது, குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு பனுவலை, குறித்த ஒரு முறையில் வாசிக்கச் சொன்னபோது அந்தப் பிள்ளை செய்து காட்டியதற்கு இடப்படும் பெயர். உயரமும் நிறையும் போல அது உடம்போடு ஒட்டிய அளவு அன்று. பனுவல் மாறினால் மட்டம் மாறும். உரத்து வாசிப்பதற்குப் பதிலாக மனதுக்குள் வாசித்து விடையெழுதச் சொன்னாலும் மாறும். பழகிய ஆசிரியருக்குப் பதிலாக வெளியிலிருந்து வந்த ஒருவர் கேட்டாலும் மாறும். ஆனால் தேர்ச்சி அறிக்கையில் அது ஒற்றை எழுத்தாகவோ ஒற்றை எண்ணாகவோதான் இறங்குகிறது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றாரும், சில வேளை ஆசிரியரும், பிள்ளையையே அளந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இறக்காமம் அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களுக்குச் சற்று உட்புறமாக, இறக்காமக் குளத்தை அண்டி அமைந்த ஊர். வயலும் நன்னீர் மீன்பிடியும் இங்கு பழைய தொழில்கள். பாடசாலையின் கற்பித்தல் மொழி தமிழ். ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது நிறைந்த பிள்ளை தரம் ஒன்றில் சேர்க்கப்படுகிறது. சேர்ந்த முதல் வாரங்களிலேயே முதற் கணிப்பீடு தொடங்கிவிடும். பிள்ளை என்ன சொல்லுகிறது, எதை அடையாளம் காண்கிறது, பென்சிலை எப்படிப் பிடிக்கிறது என்று வகுப்பாசிரியர் கவனித்துக் குறிக்கும் இனங்காணல் செயற்பாடு அது. 1997ஆம் ஆண்டின் பொதுக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 முதலாவது, தரம் 3, 4 இரண்டாவது, தரம் 5 மூன்றாவது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை கைக்கொண்டிருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளும் வரையறுக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. தரம் ஒன்றின் முடிவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டியதில்லை, முதல் நிலைக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பதே அது. நடைமுறையில் அந்த அவகாசத்தைத் தவணைப் பரீட்சை தின்றுவிடுகிறது. தவணைக்குத் தவணை புள்ளியும் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற கேள்வியும் வீடுவரை வந்துவிட்ட பிறகு, இரண்டாண்டு அவகாசம் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

வாசிப்பின் இரண்டு பாதிகள்

வாசிப்பு ஆய்வில் அதிகம் எடுத்தாளப்படும் மாதிரி 1986இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் ஆகியோர் முன்வைத்தது. எழுத்தைப் பார்த்துச் சொல்லை ஒலித்தெடுக்கும் திறன் ஒன்று, அந்த மொழியைக் காதால் கேட்டால் விளங்கிக்கொள்ளும் திறன் மற்றொன்று. வாசித்து விளங்குதல் என்பது இவ்விரண்டின் பெருக்கம் என்றார்கள். பெருக்கம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு வளர்ந்திருந்தாலும் விடை பூச்சியம்தான்.

இறக்காமத்திலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் இதற்குப் புத்தகத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. இங்கு பெரும்பாலான பிள்ளைகள் பாடசாலை விட்டபின் குர்ஆன் மத்ரஸாவுக்கு ஓதப் போகிறார்கள். அலிஃபில் தொடங்கி, உயிர்க்குறிகள் இடப்பட்ட அறபு எழுத்தை வலமிருந்து இடமாகக் கூட்டிக் கூட்டி ஒலிக்கப் பழகி, ஏழெட்டு வயதில் நீட்டும் இடத்தில் நீட்டி, நிறுத்தும் இடத்தில் நிறுத்திப் பிழையின்றி ஓதும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு அறபு மொழி தெரியாது. தெரிய வேண்டும் என்று அந்த வயதில் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஓதலுக்கு அதற்கேயுரிய நோக்கமும் ஒழுங்கும் உண்டு. வாசிப்பு ஆய்வாளரின் கண்ணுக்கு அது ஒலித்தெடுக்கும் திறன் தனித்து நின்று முழுமை பெற முடியும் என்பதற்கான தூய சான்று. அதே பிள்ளை தமிழ்ப் பாடநூலையும் அதே பாணியில், அழகான ராகத்தில், ஒரு வரியும் விளங்காமல் உரத்து வாசிக்கக்கூடும். கேட்டுக்கொண்டிருப்பவர் மகிழ்ந்துபோவார்.

இதன் மறுதலையும் உண்டு. கதை சொன்னால் வாய்பார்த்துக் கேட்டு, முடிவை முன்கூட்டியே ஊகித்து, பாத்திரங்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளை, அதே கதையை அச்சில் கொடுத்தால் முதல் வரியிலேயே சிக்கி நிற்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் வாசிப்புப் பரீட்சையில் ஒரே புள்ளி கிடைக்கலாம். ஆனால் முதற் பிள்ளைக்கு வேண்டியது பேச்சும் கதையும் சொல்வளமும், இரண்டாவது பிள்ளைக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி. ஒற்றைப் புள்ளி இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே சரியாக அமைந்த கணிப்பீடு எதுவும் வாசித்து விளங்குதலோடு கேட்டு விளங்குதலையும் தனியே பார்க்கும். ஒரு பனுவலைப் பிள்ளை வாசித்து விடை சொல்ல, அதற்கு நிகரான இன்னொரு பனுவலை ஆசிரியர் வாசித்துக் காட்டி விடை கேட்பதே அதன் எளிய வடிவம். இதற்கு மேலதிகமாகப் பத்து நிமிடம்கூடச் செல்லாது.

எழுத்து செய்யும் வேலை

உலகில் புழங்கும் பெரும்பாலான வாசிப்பு அளவுகோல்கள் ஆங்கிலத்துக்காகப் பிறந்தவை. ஆங்கில எழுத்து 26. ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு குழப்பமானது. 2003இல் சேமோரும் அவருடைய சகாக்களும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தரம் ஒன்றின் முடிவில் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். கிரேக்கம், ஃபின்னிஷ், ஜெர்மன் போன்ற மொழிகளில் பழகிய சொற்களைச் சரியாக வாசிக்கும் வீதம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஸ்கொட்லாந்தில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகளிடம் அது 34 சதவீதம். அந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். அவர்களின் எழுத்துக்கூட்டு முறைதான் நேரம் கேட்கிறது.

தமிழின் சிக்கல் வேறு திசையில் இருக்கிறது. ஒலித்தொடர்பு பெரும்பாலும் நேரானது, ஆனால் கற்க வேண்டிய வடிவங்கள் பல. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. உண்மையில் பிள்ளை 247 வடிவங்களையும் தனித்தனியே மனனம் செய்வதில்லை. குறிகளின் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பல தாமாகவே வந்துவிடும். ஒழுங்கு குலையும் இடங்களில்தான் சுணக்கம். கா, கி, கீ என்று போகும்போது குறி எழுத்துக்குப் பின்னே அல்லது மேலே நிற்கிறது. கெ, கே, கை என்று வந்ததும் குறி முன்னே வந்துவிடுகிறது. கண் முதலில் காண்பது வாயில் பின்னர் வருகிறது. கொ, கோ என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறி. உகர, ஊகாரக் குறிகளுக்கோ ஒரே வடிவமே இல்லை. கு, சு, டு, து, பு, நூ, மூ ஒவ்வொன்றும் தனிப்பாடம். ரகரத்தையும் ஆகாரக் காலையும் பிரித்தறிய வேண்டும். ண, ன என்பவற்றில் சுழிகளை எண்ண வேண்டும்.

கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்தில் முக்கியமானது. நேரான ஒலித்தொடர்புள்ள அகரவரிசை மொழிகளில் எழுத்தறிதல் ஓராண்டளவில் நிறைவுபெற, கன்னடத்தில் அது தரம் மூன்று நான்கு வரை நீள்வதை அவர் காட்டினார். தமிழின் வடிவத் தொகை கன்னடத்தைவிடச் சிறியது, கூட்டெழுத்துகளும் இல்லை. இருந்தாலும் இயல்பில் இரண்டும் ஒரே குடும்பம். தரம் இரண்டின் நடுவில் ஒரு பிள்ளை கொ, கோ, கௌ வரிசையில் தடுமாறுவதைக் குறைபாடாகப் பதிவுசெய்வது அவசரம். அதே தடுமாற்றம் தரம் நான்கிலும் நீடித்தால் கவனிக்கத்தான் வேண்டும்.

எழுத்தறிதலைச் சோதிப்பவர் எந்த எழுத்துகளைத் தேர்கிறார் என்பதில் பாதி முடிவு அடங்கியிருக்கிறது. ங, ஞௌ, ஙோ என்று புத்தகத்தில் அரிதாகத் தலைகாட்டும் வடிவங்களை வரிசையில் சேர்த்தால் புள்ளி இறங்கும். க, ம், த், தி, ரு போல எங்கும் வரும் எழுத்துகளை மட்டும் வைத்தால் ஏறும். இங்குள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. ஹ, ஸ, ஷ, ஜ ஆகிய எழுத்துகள் 247 என்ற கணக்கில் இல்லை. ஆனால் ஹஸ்னா, ஸப்ரி, ஷிஃபா, ஜெஸீமா என்று தன் பெயரிலும் பக்கத்து மேசைப் பிள்ளையின் பெயரிலும் முதலில் அடையாளம் காணும் எழுத்துகள் அவைதாம். பெயரை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த அறிவுக்குப் புள்ளி தரும் கட்டம் எந்தத் தாளிலும் இல்லை.

வீட்டு மொழியும் பாடநூல் மொழியும்

எழுத்துத் தமிழ் எந்தப் பிள்ளைக்கும் தாய்மொழி அன்று. வீட்டில் கதைப்பது ஒன்று, புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சில் உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா என்ற உறவுப்பெயர்கள் முதற்கொண்டு வினைமுற்றுகள் வரை புத்தகத்திலிருந்து விலகி நிற்கும். ழகரம் பேச்சில் ளகரமாகிவிட்டது. றகர இரட்டை தகர இரட்டையாக ஒலிக்கும். அறபு மொழியில் இதே நிலையை ஆராய்ந்த எலினோர் சைக்-ஹத்தாத், பேச்சுவழக்கில் இல்லாத ஒலிகளைப் பிரித்தறிவது சிறுபிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பதை 2003இல் காட்டியிருக்கிறார். தமிழுக்கும் இது பொருந்தும் என்று கொள்ளப் போதிய நியாயம் இருக்கிறது. சொல்வதெழுதலில் பழத்தைப் பளம் என்று எழுதும் பிள்ளை தான் கேட்டதைப் பிசகாமல் எழுதியிருக்கிறது. எழுத்துக்கூட்டல் நினைவு இன்னும் படியவில்லை என்பதற்கு அது சான்று. வாசிக்கத் தெரியவில்லை என்பதற்குச் சான்றாகாது.

பிற இடத்தில் தயாரான கருவியை அப்படியே கொண்டுவருவதில் உள்ள அபாயமும் இதுதான். தமிழ்நாட்டில் எழுதப்பட்ட பத்தி ஒன்றில் சிறுவன் பள்ளிக்குப் போனான் என்று வந்தால், இறக்காமத்துப் பிள்ளைக்கு அவன் தொழப் போயிருக்கிறான். ஏன் போனான் என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை சொல்லும் விடை அதன் ஊரில் முற்றிலும் சரி, விடைத்தாளில் பிழை. இலங்கைப் பாடநூல்கள் பாடசாலை என்றே எழுதுவதால் அங்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் தாள்களைப் பிரதியெடுத்துக் கொடுக்கும் மாலைநேர வகுப்புகளில் இப்படியான பிழைகள் எளிதில் நுழைந்துவிடும்.

நிமிடத்துக்கு எத்தனை சொல்

சரளம் என்பதை எண்ணாக்கும் வழி, ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணுவது. அமெரிக்காவில் ஹாஸ்ப்ரூக், டிண்டல் இருவரும் 2017இல் தொகுத்த அட்டவணைப்படி ஆங்கிலத்தில் முதலாம் வகுப்பின் இறுதியில் நடுநிலைப் பிள்ளை 60 சொல், இரண்டாம் வகுப்பின் இறுதியில் 100 சொல் வாசிக்கிறது. வளர்முக நாடுகளில் பரவலாகப் பயன்படும் ஆரம்ப வகுப்பு வாசிப்புக் கணிப்பீடு, 2006ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஆர்.டி.ஐ. நிறுவனம் உருவாக்கியது. எழுத்து, பழகிய சொல், பொருளற்ற சொல், பத்தி, ஐந்து விளக்க வினாக்கள் என்று படிப்படியாகப் போகும் அந்தக் கருவியின் நடுநாயகமும் இந்த நிமிடக் கணக்கே. இந்தியாவின் நிபுண் பாரத் திட்டம் 2021இல் மூன்றாம் வகுப்பின் முடிவுக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் என்று இலக்கு வைத்தது.

தமிழில் சொல் என்பது எது என்று கேட்டால் இந்தக் கணக்கு ஆட்டம் காணும். "அவர்கள் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்" என்பது மூன்று சொல். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல் ஆகும். தமிழ் வரியில் 23 எழுத்துகள் இருக்கின்றன; கடைசிச் சொல் ஒன்றில் மட்டும் 12. அந்தச் சொல்லைப் பிள்ளை ஒரே மூச்சில் வாசிப்பதற்கு, இயக்கத்தையும் காலத்தையும் ஆளையும் சுமந்த ஒட்டுகளை அடையாளம் கண்டு பிரித்துச் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 30 சொல் வாசிக்கும் தமிழ்ப் பிள்ளை 60 சொல் வாசிக்கும் ஆங்கிலப் பிள்ளையைவிடப் பின்தங்கியது என்று சொல்ல இந்த எண்கள் போதாது. இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2022இல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வில் 20 மொழிகளுக்குத் தனித்தனி அளவுகோல் வகுக்கப்பட்டது இதை ஒப்புக்கொண்டதால்தான். ஒரே மொழிக்குள்ளும் தனிச்சொற்கள் நிறைந்த பத்தி ஒன்றையும் நீண்ட வினைமுற்றுகள் நிறைந்த பத்தி ஒன்றையும் கொடுத்துப் பெற்ற வேகங்களை ஒப்பிட முடியாது. சொற்களுக்குப் பதில் எழுத்துகளை எண்ணினால் ஓரளவு நியாயம் கிடைக்கும்.

வேகமே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். எழுத்து எழுத்தாகத் தடவிப் போகும் பிள்ளைக்கு வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்திருக்கும். குறைந்தபட்சச் சரளம் இல்லாமல் விளக்கம் வராது. அந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டிய பிறகும் வேகத்தையே துரத்துவதுதான் வீண்வேலை. கடிகாரம் வைத்து வாசிக்கப் பழக்கிய பிள்ளைகள் முற்றுப்புள்ளியைத் தாண்டி ஓடுவார்கள்.

பிரதம் அமைப்பின் அசர் கருவி 2005 முதல் இந்தியக் கிராமங்களில் பயன்பட்டு வருகிறது. அதில் கடிகாரம் இல்லை. எழுத்து, சொல், முதலாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நான்கு படி. பிள்ளை ஏறக்கூடிய மிக உயர்ந்த படியே அதன் மட்டம். வீட்டுத் திண்ணையில் வைத்தே நடத்தக்கூடிய எளிமை அதன் பலம். 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 4.8 சதவீதத்தினரே இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தார்கள். அகில இந்திய அளவு 20.5 சதவீதம். பெருந்தொற்றுக் காலத்து நீண்ட மூடலுக்குப் பிந்திய ஆண்டு அது என்பதால் வீழ்ச்சி எதிர்பார்த்ததே. ஆனால் தமிழ்நாட்டுக்கும் இந்திய சராசரிக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் ஆசிரியர் தலையில் கட்டுவதற்கு முன், இந்திக் கதையும் தமிழ்க் கதையும் பிள்ளையின் பேச்சிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டு அரசும் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் வகுப்பு வேறுபாட்டை ஒதுக்கி, பிள்ளைகளை அவர்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்தது. பெயர்கள் அழகாக இருப்பது தற்செயல் அன்று. மட்டத்துக்கு எண் இட்டால் அது முத்திரையாகிவிடும் என்பது எல்லா நாட்டு ஆசிரியர்களுக்கும் தெரிந்ததே. ஆனாலும் தான் எந்தக் குழுவில் இருக்கிறேன், அது எதைக் குறிக்கிறது என்று ஒரு வாரத்துக்குள் கண்டுபிடிக்காத பிள்ளை இல்லை.

பிழைகளை வாசித்தல்

நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய வாசிப்புப் பதிவேட்டு முறையில், பிள்ளை உரத்து வாசிக்கும்போது ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் குறியிட்டு வருவார். 90 சதவீதத்துக்குக் கீழே சரியாக வாசித்தால் அந்தப் பனுவல் பிள்ளைக்குக் கடினம், 90 முதல் 94 வரை கற்பித்தலுக்கு உகந்தது, 95உம் அதற்கு மேலும் சுலபம் என்பது வழக்கமான பாகுபாடு. ஆனால் கிளேயின் முறையில் சதவீதத்தைவிடப் பெறுமதியானது பிழையின் தன்மை. தரம் இரண்டுக்கு ஏற்றதாக இப்படியொரு பத்தியை எடுத்துக்கொள்ளலாம்:

குளம் வற்றியது. வாப்பா தோணியைக் கரைக்கு இழுத்தார். சேற்றில் கொக்கு இரை தேடியது. தம்பி கல்லை எறிந்தான். கொக்கு பறந்து போனது.

இதில் 16 சொற்கள். இரண்டு பிள்ளைகள் வாசிப்பதாகக் கொள்வோம். முதற் பிள்ளை மெதுவாக, விரலை வைத்து வாசிக்கிறது. "வற்றியது" என்ற இடத்தில் "வத்திட்டு" என்கிறது. "இழுத்தார்" "இழுத்தாரு" ஆகிறது. "எறிந்தான்" "எறிஞ்சான்" ஆகிறது. அச்சில் உள்ளபடி வராத சொற்கள் மூன்று. 16இல் 13 சரி, 81 சதவீதம், கடினம் என்ற கட்டத்தில் விழுந்துவிட்டது. இரண்டாவது பிள்ளை மடமடவென்று வாசித்து "இழுத்தார்" என்பதை "எழுத்தார்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. ஒரே பிழை, 94 சதவீதம், கற்பித்தலுக்கு உகந்த மட்டம்.

கொக்கு ஏன் பறந்தது என்று கேட்டால் நிலைமை தலைகீழாகிறது. முதற் பிள்ளை "தம்பி கல்லெறிஞ்ச புறகு பயந்து பறந்திட்டு" என்கிறது. இரண்டாவது பிள்ளை புத்தகத்தைப் பார்க்கிறது, ஆசிரியரைப் பார்க்கிறது, "கொக்கு பறந்து போனது" என்று கடைசி வரியைத் திருப்பி வாசிக்கிறது. முதற் பிள்ளையின் மூன்று "பிழைகளும்" அச்சுத் தமிழை வாசித்து, விளங்கி, தன் வீட்டுத் தமிழுக்கு மாற்றிச் சொன்னவை. விளங்காமல் அப்படி மாற்ற முடியாது. இரண்டாவது பிள்ளையின் ஒரு பிழை வேறு வகையானது. "எழுத்தார்" என்று ஒரு சொல் அந்த இடத்தில் பொருள் தராது. தோணியை யாரும் எழுத்தார் செய்வதில்லை. அது காதில் உறுத்தவில்லை என்பதே தகவல். வாசிப்பவர் தன் பிழையைத் தானே கண்டு திரும்பிப்போய்த் திருத்துவதைக் கிளே தனியாகப் பதிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான். திருத்திய பிழை பொருளைத் தேடி வாசிப்பதன் அடையாளம்.

ஆகவே பேச்சுவழக்கு மாற்றங்களைப் பிழையாக எண்ணுவதா இல்லையா என்பது கணிப்பீடு தொடங்குமுன்னரே முடிவாக வேண்டிய விடயம். ஒரே பாடசாலையில் ஓர் ஆசிரியர் எண்ணி, அடுத்த வகுப்பாசிரியர் எண்ணாமல் விட்டால் இரண்டு வகுப்புகளின் புள்ளிகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. எண்ணாமல் விடுவதே சரியான வழக்கு. அச்சு வடிவத்தைச் சொல்லப் பழக்குவது வேறு பாடம், அதற்கு வேறு நேரம் உண்டு.

விளக்க வினாக்களிலும் வேறுபாடு இருக்கிறது. கொக்கு எங்கே இரை தேடியது என்பதற்கு விடை வரியிலேயே இருக்கிறது; "சேற்றில்" என்ற சொல்லைக் கண்ணால் பிடித்தால் போதும். ஏன் வாப்பா தோணியைக் கரைக்கு இழுத்தார் என்பதற்கு விடை எங்கும் எழுதப்படவில்லை. தண்ணீர் இல்லாத குளத்தில் தோணிக்கு வேலை இல்லை என்று பிள்ளை இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும். இறக்காமத்துப் பிள்ளைக்கு இது சுலபம், குளம் வற்றுவதைக் கண்ணால் கண்டிருக்கும். அதே கேள்வி கொழும்பு மாடிவீட்டுப் பிள்ளைக்குக் கடினம். பின்னணி அறிவு விளக்கத்துக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதை இது காட்டும். ஐந்து வினாக்கள் மட்டுமே உள்ள தாளில் ஒரு வினா 20 சதவீதம் என்பதையும் மறக்கலாகாது. 60இலிருந்து 80க்கு ஏறியது முன்னேற்றமாகவும் இருக்கலாம், ஒரு வினா வாய்த்ததாகவும் இருக்கலாம்.

நாட்டுக்கான எண்ணும் பிள்ளைக்கான எண்ணும்

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தில் இயங்கும் தேசிய கல்வி ஆய்வு மதிப்பீட்டு நிலையம் 2003 முதல் தரம் நான்கு மாணவரின் அடைவை மாதிரி முறையில் அளந்து வந்திருக்கிறது. முதன்மொழி, கணிதம், ஆங்கிலம் மூன்றும் அதில் அடங்கும். 2003ஆம் ஆண்டு முடிவுகளில் முதன்மொழியில் தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் சுமார் 37 சதவீதம். அதிர்ச்சி தரும் எண் அது. ஆனால் தேர்ச்சிக்கு வைத்த கோடு நூற்றுக்கு 80 புள்ளி என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோட்டை 50க்கு இறக்கினால் அதே பிள்ளைகள், அதே விடைத்தாள்கள், வேறு தலைப்புச் செய்தி.

இத்தகைய ஆய்வுகளில் தமிழ்மொழி மூல மாணவரின் சராசரி சிங்களமொழி மூல மாணவரின் சராசரியைவிடக் குறைந்தே வந்திருக்கிறது. போர், ஆசிரியர் பற்றாக்குறை, வளப் பங்கீடு என்று காரணங்கள் உண்டு. ஆனாலும் சிங்கள வினாத்தாளும் தமிழ் வினாத்தாளும் ஒன்றின் கண்ணாடி மற்றொன்று அல்ல. முதன்மொழித் தாளைப் பொறுத்தவரை பனுவலே வேறு, எழுத்தே வேறு. கணிதத் தாளில் காணும் இடைவெளியை நம்பும் அளவுக்கு மொழித் தாளின் இடைவெளியை நம்ப முடியாது.

மாதிரி ஆய்வு மாகாணத்துக்கும் அமைச்சுக்கும் உரியது. அதிலிருந்து தனிப்பிள்ளை பற்றி எதுவும் சொல்ல முடியாது, அதற்காக அது அமைக்கப்படவும் இல்லை. மாறாக வகுப்பாசிரியரின் பதிவேடு பிள்ளைக்கு உரியது. அதிலிருந்து கோட்டத்துக்கும் வலயத்துக்கும் தரவரிசை செய்யப் புறப்பட்டால், பதிவேட்டில் எழுதப்படுவது மாறிப்போகும். இனங்காணலுக்காக எழுதியதைப் பாடசாலையின் பெயருக்காக எழுதத் தொடங்குவார்கள்.

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை வாசிப்புப் பரீட்சை அன்று. பெயரளவில் அது அறிவாற்றலையும் பாட அறிவையும் சோதிப்பது. நடைமுறையில் அதுவே நாட்டின் மிகப்பெரிய வாசிப்புப் பரீட்சை. முதலாம் வினாத்தாளின் 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம், அதாவது ஒரு வினாவை வாசித்து, விளங்கி, யோசித்து, விடையிட ஒன்றரை நிமிடம். விடை தெரிந்தும் வினாவை வாசித்து முடிக்க ஒரு நிமிடம் எடுக்கும் பிள்ளைக்கு அங்கே மீதமிருப்பது அரை நிமிடம். அப்பிள்ளைக்கு மேலும் மேலும் மாதிரி வினாத்தாள் கொடுப்பது பயன் தராது. சரளக் குறை தரம் இரண்டிலோ மூன்றிலோ கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் வெட்டுப்புள்ளி வேறுபடுவதால், அம்பாறைத் தமிழ்மொழி மூலப் பிள்ளை ஒன்று வெட்டுப்புள்ளியைத் தாண்டியதா இல்லையா என்பது அதன் வாசிப்பைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

அறிக்கை கைக்கு வந்தபின்

தேர்ச்சி அறிக்கையைப் பார்க்கும் பெற்றார் கேட்க வேண்டிய முதற் கேள்வி, எத்தனை புள்ளி என்பதல்ல, என்ன வாசிக்கக் கொடுத்தீர்கள் என்பது. படித்து முடித்த பாடத்தையே மறுபடி வாசிக்கச் சொன்னால் மனனம் வாசிப்பு வேடம் போடும்; நெட்டுருப் போட்ட பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசிக்கும். காணாத பத்தி வேண்டும். அடுத்தது, உரத்து வாசித்ததா, எழுத்தில் விடை தந்ததா என்பது. எழுத்தில் என்றால் மெதுவாக எழுதும் பிள்ளையின் வாசிப்பு அங்கே மறைந்திருக்கும். மூன்றாவது, வாசித்துக் காட்டினால் விளங்குகிறதா என்பது. இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் புள்ளியே இல்லாமலும் பிள்ளையின் நிலை தெரிந்துவிடும்.

ஒரே கணிப்பீட்டைக் கொண்டு முடிவெடுக்கலாகாது. நோன்பு காலத்துப் பகல், காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரம், அறியாத அதிகாரி வகுப்பில் நின்ற நாள் ஆகியவற்றில் எடுத்த புள்ளி குறைவாகத்தான் இருக்கும். சில வாரம் இடைவெளிவிட்டு நிகரான வேறு பத்தியில் மறுபடி பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் பேசலாம்.

கற்பித்தலைக் குறைசொல்லுமுன் கண்ணையும் காதையும் பார்ப்பது ஒழுங்கு. இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் நடத்தப்படுகிறது. பார்வைச் சோதனை அதில் அடங்கும். தரம் ஒன்றுக்கும் நான்குக்கும் இடையில் மூன்று ஆண்டு இருக்கிறது. அந்த மூன்று ஆண்டில்தான் பிள்ளை வாசிக்கப் பழகுகிறது, அந்த மூன்று ஆண்டில் கண் மாறவும் கூடும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி விடுவது, புத்தகத்தை மூக்குக்கருகே கொண்டுபோவது, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த பரிசோதனைவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கண்ணும் காதும் சரியாக இருந்து, கேட்டால் நன்றாக விளங்கி, ஒழுங்காக வகுப்புக்கு வந்தும், தரம் மூன்றின் நடுவில்கூட அடிக்கடி வரும் எழுத்துகளே நழுவிக்கொண்டிருந்தால் வாசிப்பு இடர்பாடு என்ற ஐயம் எழ நியாயம் உண்டு. நோய்ப்பெயர் சூட்டுவது வகுப்பறைக் கணிப்பீட்டின் வேலை அன்று. விசேட கல்வி ஆசிரிய ஆலோசகருக்கோ வைத்தியருக்கோ அனுப்பிவைப்பது அதன் வேலை. அப்படி அனுப்பும்போது புள்ளிப் பட்டியலைவிடப் பயன்தருவது, பிள்ளை எந்தச் சொல்லை எப்படி வாசித்தது என்று ஆசிரியர் தன் கையெழுத்தில் திகதியிட்டுக் குறித்துவைத்த இரண்டு மூன்று பக்கங்கள்.